பதின்மூன்றாம் எண் வலைப்பை

கார்ஷாவில் ஒரு ஆளைப் பற்றி நிஜம் தெரிய வேண்டுமா, அவன் பேச்சைக் கேட்காதே, அவன் அழுக்குத் துணியைப் பார் என்பாள் நோரீன் ஹோல்ராய்ட். அதைச் சொல்ல அவளுக்குத் தகுதி உண்டு. அந்த ஊர் ரக்பி லீக் கிளப்பின் துணிகளை இருபத்தாறு வருஷமாகத் துவைக்கிறவள் அவள். கம்பளி மில் மூடியபோது வேலை போன இருநூறு பேரில் ஒருத்தி. வாரத்தில் இரண்டு நாள் வந்து துவைத்துக் கொடுக்க முடியுமா என்று கிளப்பில் கேட்டார்கள். இரண்டு நாள் ஆறு நாளாயிற்று, முப்பத்தாறு வயது அறுபத்திரண்டாயிற்று, நோரீன் இன்னும் துவைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

மைதானத்தின் மேற்கு ஸ்டாண்டில், ஆட்டம் பார்ப்பவர்கள் உட்காரும் படிகளுக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மூன்று பெரிய மெஷின், இரண்டு உலர்த்தி, ஒரு மேஜை, ஒரு கெட்டில். இத்தனை வருஷத்தில் நோரீன் ஓர் ஆட்டத்தையும் முழுசாகக் கண்ணால் பார்த்ததில்லை. ஆட்ட நேரத்தில்தான் துண்டும் மாற்றுச் சட்டையும் ஓயாமல் தேவைப்படும். ஆனால் தலைக்கு மேலே நாலாயிரம் ஜோடிக் கால்கள் சொல்வதைக் கேட்டே ஸ்கோர் சொல்லிவிடுவாள். எல்லாக் கால்களும் சேர்ந்து தரையை உதைத்தால் நம் ஆள் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டான், டிரை. தாறுமாறாக உரசினால் ரெஃப்ரி ஏதோ அநியாயம் செய்திருக்கிறார். சத்தமே இல்லையென்றால் எதிராளி டிரை அடித்துவிட்டான். அவள் புருஷன் கென், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், மேலே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொல்வதற்குள் அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

அவள் அறையில் எழுதி வைக்காத சட்டங்கள் உண்டு. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் எண் தைத்த ஒரு வலைப்பை. பயிற்சி முடிந்ததும் சட்டை, டிரவுசர், காலுறை எல்லாவற்றையும் அவனவன் பையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, அவனவன் கொக்கியில் மாட்ட வேண்டும். பையோடு துவைத்து, பையோடு உலர்த்தி, அதே கொக்கியில் அவள் திரும்ப மாட்டுவாள். கொக்கிகளுக்கு எண் கிடையாது. கிளப்புக்கு வந்த வரிசைப்படி இடம். உன் இடம் உனக்குத் தெரிய வேண்டும். தப்பான கொக்கியில் மாட்டிய பை தரைக்குப் போகும், மறுநாள் பதினேழு பேரும் சுற்றி நின்று சிரிப்பார்கள். ஆட்டத்துக்குக் கைகாலில் சுற்றும் ஒட்டுப்பட்டை துணியோடு சேர்ந்து வந்தால், அது மெஷினில் போய் ஒட்டிக்கொள்வதால், ஒரு பாக்கெட் கஸ்டர்ட் க்ரீம் பிஸ்கட் அபராதம்.

பிஸ்கட் பாக்கி வைப்பதில் மன்னன் டேல் மிட்ஜ்லி. பதின்மூன்றாம் எண், அணித் தலைவன், முப்பத்து மூன்று வயது. நோரீன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிப் பிறந்து வளர்ந்தவன். பதினாலு வயதில் தாய் போனபின், சேறு அப்பிய பள்ளிக்கூட ஜெர்ஸியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றவன். அன்றிலிருந்து அவனுக்கு அவள் அத்தை. ஆட்ட நாளன்று அவன் மனைவி கிர்ஸ்டி வீட்டிலேயே அவன் இடது மணிக்கட்டில் அகலமாக வெள்ளைப் பட்டை சுற்றி, அதில் மேடி, ஜூட் என்று பிள்ளைகள் பேரை எழுதி அனுப்புவாள். ஊர்ப் பத்திரிகையில் அந்த மணிக்கட்டைப் படம் பிடித்துப் போட்டார்கள். ஆட்டம் முடிந்தால் அந்தப் பட்டை தவறாமல் துணியோடு வந்து சேரும்.

"டேய், இது பதினோராவது பாக்கெட். கணக்கு வெச்சிருக்கேன்."

"நீங்க அத்தனையும் தின்னா சர்க்கரை ஏறிடும் அத்தை. உங்க உடம்பு மேல அக்கறையிலதான் வாங்காம இருக்கேன்."

அப்படிப்பட்ட வாய் அவனுக்கு.

போன வருஷம் அக்டோபரில் கார்ஷா கோப்பையை வென்றது. நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு. இறுதியாட்டத்தில் டேலின் புருவம் கிழிந்து, வெள்ளைக் கோடு போட்ட பச்சை ஜெர்ஸி முழுக்க இரத்தம் வழிய, அவன் கோப்பையைத் தூக்கிப் பிடித்த படம் ஊரில் ஒட்டாத கடை இல்லை. அந்த ஜெர்ஸியை அப்படியே கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட வேண்டும் என்று சேர்மன் ஆசைப்பட்டார். நோரீனிடம் சொல்லும்படி ஒருவரிடம் சொல்லியிருந்தார். சொல்லச் சொன்ன ஆள் குடித்துவிட்டு மறந்து போனார். ஞாயிறு காலை நோரீன் வந்தாள், கூடையைப் பார்த்தாள். கூடை நிறைய அழுக்கைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்குமா? குளிர்ந்த தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, இரத்தம் போனபின் மெஷினில் போட்டு, பளிச்சென்று எடுத்து மடித்து வைத்துவிட்டாள்.

அன்று ஊரே சிரித்தது. நோரீனும் சிரித்தாள். ஜெயித்தவர்களுக்கு எல்லாம் சிரிப்புத்தான்.

பிப்ரவரியில் புது சீசன் தொடங்கியது. முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதும் தோல்வி. நல்ல ஆட்டக்காரர்கள் மூன்று பேரைப் பெரிய ஊர்க் கிளப்புகள் கொத்திக்கொண்டு போயிருந்தன. இரண்டு பேருக்கு முழங்கால் போயிற்று. மார்ச்சில் ஒரு வெற்றி, அப்புறம் வரிசையாக ஏழு தோல்வி. பன்னிரண்டு அணிகளில் கடைசியாக வருவது கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். சாம்பியன் என்று சட்டையில் தங்க நூலால் தைத்துக்கொண்டு கடைசி இடத்தில் நிற்பதைப்போல அசிங்கம் வேறு உண்டா? அந்தத் தங்க நூல் மெஷினில் பிசிறடிக்காமல் இருக்க நோரீன் ஒவ்வொரு சட்டையையும் உள்புறம் வெளியே திருப்பித் துவைத்தாள்.

சிப்ஸ் கடையில் வரிசையில் நின்றால் யாராவது ஆரம்பிப்பார்கள்.

"நோரீன், அன்னிக்கு என்ன பவுடர் போட்டீங்க? அழுக்கு மட்டும் போகலியே, அதிர்ஷ்டமும் சேர்ந்து போயிடுச்சே."

"உன் வாயைத் துவைக்கிற பவுடர்தான். இன்னும் மிச்சம் இருக்கு, வேணுமா?"

பதில் சொல்ல அவளுக்குத் தெரியாதா? ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஜூன் மாதத்தில் கேலி கேலியாக இல்லை. ரக்பியைத் தவிர வேறு ஒன்றும் மிஞ்சாத ஊர் அது. மில் போயிற்று, சந்தை போயிற்று, ரயில்கூட நாளுக்கு நாலு தடவைதான் நிற்கும். கீழ்ப் பிரிவுக்குப் போனால் கிளப்பும் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயம் யார் மேலாவது இறங்க வேண்டுமே, துவைக்கிறவள் மேல் இறங்கியது. ஒரு காலையில் வாசலில் யாரோ ஒரு சலவைத் தூள் டப்பாவை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கென் அதைத் தூக்கி எறியப் போனார். "நல்ல தூள்தான், ஏன் வீணாக்கணும்?" என்று வாங்கி உள்ளே வைத்தாள் நோரீன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சட்டையில் இருந்த இரத்தத்துக்கும் தோல்விக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நான் அதைத் துவைக்காமல் இருந்திருக்கலாம் என்று தினமும் ஒருமுறை நினைத்தாள்.

இதற்கிடையில்தான் பதின்மூன்றாம் எண் பை.

மே மாதம் இரண்டாவது திங்கட்கிழமை. முந்தின நாள் ஆட்டத்தில் ஒருவனின் முழங்கை டேலின் தாடையில் இறங்கியிருந்தது. எழுந்து நின்று ரெஃப்ரியிடம் ஏதோ ஜோக் சொன்னான் என்று கென் சொல்லியிருந்தார். திங்களன்று லேசான பயிற்சி. அது முடிந்து நோரீன் கொக்கிகளைப் பார்த்தபோது, அவன் பையின் வாய் திறந்து கிடந்தது. டேலின் முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டும், அத்தனை இறுக்கமாகப் போடுவான். பையினுள் ஒரு காலுறை அவனுடையது, மற்றது வேறு யாருடையதோ. நோரீன் காலுறையை உரியவன் பையில் போட்டு, முடிச்சைத் தானே போட்டாள். ஞாபக மறதி யாருக்குத்தான் இல்லை?

ஜூனில் பை தப்பான கொக்கியில் தொங்கியது. சட்டப்படி தரைக்குப் போக வேண்டும். அவள் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுச் சரியான கொக்கியில் மாட்டினாள். ஜூலையில் மூன்று தடவை. ஒருமுறை பையினுள் வீட்டுச் சாவி இருந்தது, ஒருமுறை கல்யாண மோதிரம். ஆகஸ்டில், ஓர் ஆட்டத்துக்கு மறுநாள், ஜெர்ஸியின் கழுத்தில் வாந்தி வாடை. யாரோ குழாயடியில் சோப்புப் போட்டுக் கசக்கியிருந்தார்கள். தன் துணியைத் தானே துவைக்கிற ஆட்டக்காரனை இருபத்தாறு வருஷத்தில் நோரீன் பார்த்ததில்லை. துவைக்கத் தெரியாதவன் துவைத்ததை மறுபடி துவைத்து, ஒன்றும் தெரியாதவள் போல மாட்டி வைத்தாள்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் டேல் ஆட முடியாது. டேல் இல்லாத இரண்டு ஆட்டங்களில் கார்ஷா எதிரணிக்கு ஐம்பது ஐம்பது புள்ளி விட்டுக்கொடுத்துத் தோற்றிருந்தது. ஒருமுறை அதிர்ஷ்டத்தைத் துவைத்துவிட்டவள் என்று பேர் வாங்கியாயிற்று, இப்போது தலைவனையும் இறக்கிவிட்டவள் என்று பேர் வாங்கவா? அவள் மனசு அப்படித்தான் கணக்குப் போட்டது. வெட்கமாக இருந்தாலும் நிஜம் அதுதான்.

செப்டம்பர். கடைசி வாரம். போன வாரம் கிராக்லி அணியோடு ஆடித் தோற்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வெல்ஸ்பரோ அணி இங்கே வருகிறது. ஜெயித்தால் பதினோராவது இடம், பிழைத்துக்கொள்ளலாம். தோற்றால் கீழே.

வியாழன் பயிற்சி முடிந்து எல்லோரும் போனபின் டேல் உள்ளே வந்தான். கையில் வலைப்பை. கொக்கி வரிசையின் முன்னால் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். நோரீன் துண்டு மடிப்பதை நிறுத்தினாள்.

"அத்தை," என்றான் மெதுவாக, "என்னுது எது?"

பதினோரு வருஷமாக அவன் கொக்கி கதவிலிருந்து மூன்றாவது. நோரீன் அவன் கையிலிருந்து பையை வாங்கி மாட்டினாள். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை நாளாடா இப்படி?"

"விடுங்க அத்தை. தூக்கம் சரியில்ல, அவ்வளவுதான்."

"என்கிட்டயே புளுகாதே. உன் பையை நாலு மாசமா நான்தான் கட்டி மாட்டிக்கிட்டிருக்கேன்."

அவன் குனிந்துகொண்டான். காது மடல்கள் நசுங்கி நசுங்கிக் காலிஃப்ளவர் மாதிரி ஆகிப்போன பெரிய தலை. அதைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"விளக்கைப் பார்த்தா வலிக்குது. ஜூடோட டீச்சர் பேரு வரமாட்டேங்குது. ஒரு நாளு வீட்டுக்குப் போற வழியில வண்டிய ஓரமா நிறுத்திட்டு உக்காந்துட்டேன், எந்தப் பக்கம் திரும்பணும்னே தெரியல. பொறந்த ஊரு அத்தை."

"தலையில அடிபட்டா டாக்டர் கேள்வி கேப்பாங்களே. எந்த மைதானம், எந்தப் பாதி, போன வாரம் யாரோட ஆடினே, ஜெயிச்சியா தோத்தியான்னு. அதுல எப்படித் தப்பிக்கிறே?"

"பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சுட்டுப் போறேன்," என்று சிரித்தான். சிரிப்பு வந்த வேகத்தில் போயிற்று. "ஞாயிறு ஒண்ணுதான் அத்தை. அது முடியட்டும். கோப்பையைத் தூக்கினவனே கிளப்பைக் குழியில எறக்கினான்னு என் பிள்ளைங்க கேக்கக் கூடாது. யார்கிட்டயும் சொல்லாதீங்க. என் அம்மா மேல சத்தியமா."

செத்துப்போனவளை இழுத்தால் நோரீன் என்ன பேசுவாள்? ஆனாலும் அவன் போனதும் நேரே பயிற்சியாளர் மிக்கின் அறைக்குப் போனாள். மிக் மோசமான ஆள் இல்லை. எட்டு மாதத்தில் பத்து வயது கூடிப்போன ஆள், அவ்வளவுதான்.

"டேலுக்குத் தலை சரியில்ல மிக். அவனை ஆட விடாதீங்க."

"யாரு சொன்னா?"

"அவன் துணி சொல்லுது."

"நோரீன், துணியை நீங்க பாருங்க, ஆளை நான் பார்த்துக்கறேன்." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் கண்ணு இருக்கு. ஞாயிறு முடியட்டும். திங்கக்கிழமை காலையில நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இந்த ஊரைக் காப்பாத்த அவனை விட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை மளிகைக் கடையில் கிர்ஸ்டியைப் பார்த்தாள். "வீட்ல எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கார் ஆன்ட்டி," என்றாள் கிர்ஸ்டி, கேள்வி முடிவதற்கு முன்னாலேயே. பாலை எடுத்தாள், வேறு ஒன்றும் எடுக்காமல் போய்விட்டாள். அவளுக்கும் ஞாயிறு முடிய வேண்டியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அந்த ஞாயிறு முடிய வேண்டியிருந்தது.

சனிக்கிழமை நோரீன் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆட்டத்துக்கென்று வரும் டாக்டர் எந்தக் கிளப்பையும் சேர்ந்தவர் இல்லை. ஒரு வார்த்தை அவரிடம் சொன்னால் போதும், டேல் மைதானத்தில் கால் வைக்க முடியாது. கார்ஷா தோற்கும். ஊர் அவள் வீட்டு வாசலில் தூள் டப்பா வைப்பதோடு நிறுத்தாது. வைக்கட்டும். வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன? கென்னிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லிடு," என்றார்.

ஞாயிறு மதியம் மற்றவர்களின் ஜெர்ஸிகளையெல்லாம் உடைமாற்றும் அறையில் மாட்டிவிட்டு, தன் அறைக்குத் திரும்பினாள். டேலின் ஜெர்ஸி மட்டும் அங்கே மேஜை மேல் இருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதை அவளிடம் நேரே வந்து வாங்கிப் போவது அவன் வழக்கம். அவன் வருமுன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். கதவைத் திறந்தாள். எதிரே டேல் நின்றான்.

"எங்கே அவசரமா? ஜெர்ஸியைக் குடுக்காம ஓடிடலாம்னு பார்க்கறீங்களா?"

இடது மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை. அதை வலது கையால் தடவிக்கொண்டே உள்ளே வந்தான். கையிலிருந்த காலி வலைப்பையைக் கொண்டுபோய், அக்கம்பக்கம் பாராமல், கதவிலிருந்து மூன்றாவது கொக்கியில் மாட்டினான். கோட்டுப் பையிலிருந்து இரண்டு பாக்கெட் கஸ்டர்ட் க்ரீம் எடுத்து மேஜையில் வைத்தான்.

"பழைய பாக்கி. அப்புறம், கென் மாமா முட்டி எப்படி இருக்கு? ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்களா?"

"அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி," என்றாள் நோரீன்.

"நல்லபடியா முடியும். மாமாவை ஓடவிட்டுப் பார்க்கணும்." மணிக்கட்டை மறுபடி தடவினான். "நேத்து நல்லாத் தூங்கினேன் அத்தை. தலை தெளிவா இருக்கு. நிஜமா."

அவன் கண்ணைப் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது. கொக்கி தெரிகிறது, பிஸ்கட் தெரிகிறது, கென்னின் முட்டிகூட ஞாபகம் இருக்கிறது. நாம்தான் பயந்து சாகிறோமோ என்று நினைத்தாள். மனசு எதை நம்ப ஆசைப்படுகிறதோ அதை நம்புவதற்கு ஒரு சாக்குப் போதும், அவளுக்கு மூன்று கிடைத்துவிட்டது. ஜெர்ஸியை எடுத்துக் கொடுத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. கால்கள் உதைத்தன, உரசின, உதைத்தன. முதல் பாதியின் முடிவில் ஒரு சத்தமும் இல்லை. எதிராளி டிரை அடித்த நிசப்தம் சீக்கிரம் கலைந்துவிடும். இது கலையவில்லை. சற்று நேரத்தில் நடைபாதையில் டேலும் டாக்டரும் வந்தார்கள். அவன் சொந்தக் காலில்தான் நடந்தான். பக்கத்துப் பரிசோதனை அறைக்குள் போனார்கள். நோரீன் கதவோரம் கையில் துண்டோடு நின்றாள். இப்போது சொல்லலாம், இந்த நிமிஷம் சொல்லலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கால் மணி கழித்து வெளியே வந்தான். அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திவிட்டுப் போனான்.

"டாக்டர்," என்று கூப்பிட்டாள் நோரீன். "அவன் சரியா இருக்கானா?"

"எல்லாக் கேள்விக்கும் சரியாப் பதில் சொன்னார். போன வாரம் ஆடின அணி, தோத்தது, எல்லாம்," என்றார் டாக்டர். "கவலைப்படாதீங்க."

நோரீன் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரே சொல்கிறார், துவைக்கிறவளுக்கு என்ன தெரியும்? மேலே டேல் மைதானத்துக்குத் திரும்பியதும் எழுந்த உதையில் மேஜை மேலிருந்த டீக் கோப்பைகள் ஆடின.

ஆட்டம் முடிய ஒன்பது நிமிஷம் இருக்கும்போது கால்கள் மறுபடி நின்றன. இந்தத் தடவை நடைபாதையில் யாரும் வரவில்லை. ஸ்ட்ரெச்சரை மைதானத்திலிருந்தே ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்புறம் உரசல், உதை, உரசல். கடைசியில் ஹூட்டர் ஊத, கூரை இடிந்துவிடும்போல நாலாயிரம் பேரும் உதைத்தார்கள். இருபதுக்குப் பதினெட்டு. கார்ஷா பிழைத்தது.

கோப்பை வென்ற நாளைவிட ஊர் அன்றைக்கு அதிகமாகக் குடித்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்குத் தெரியாது. நகரத்து ஆஸ்பத்திரியில் டேலின் மண்டையோட்டைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை நோரீன் வேலைக்கு வந்தாள். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. போன் அடித்தது. சேர்மன்.

"நோரீன், இந்தத் தடவை நானே நேரா சொல்லிடறேன். அந்தப் பதின்மூணாம் நம்பர் ஜெர்ஸியைத் துவைச்சுடாதீங்க. ஃப்ரேம் போடணும்."

"அவன் எப்படி இருக்கான்?"

"இன்னும் கண்ணு முழிக்கல. டாக்டருங்க பார்த்துக்கறாங்க. பெரிய போராளி அவன். ஜெர்ஸி பத்திரம்."

கூடையின் அடியில் அது கிடந்தது. அவசரத்தில் நெஞ்சுப் பக்கம் கத்தரியால் நீளமாக வெட்டியிருந்தார்கள். மண், வாந்தி, கொஞ்சம் இரத்தம். அதன் இடது கைப்பகுதிக்குள் ஏதோ சுருண்டு ஒட்டியிருந்தது. மணிக்கட்டுப் பட்டை. வெட்டி எடுத்ததை யாரோ துணியோடு போட்டிருக்கிறார்கள். இன்னொரு பாக்கெட், என்று வழக்கம்போல மனசுக்குள் ஓடியது. மேஜை மேல் வைத்துப் பிரித்தாள்.

மேல் பக்கம் மேடி, ஜூட் என்று இருந்தது. உள்ளங்கைப் பக்கம் வர வேண்டிய இடத்தில், அதே கிர்ஸ்டியின் கையெழுத்தில், பொடிப் பொடியாக நிறைய எழுதியிருந்தது. வேர்வையில் மை கசிந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

இன்று ஞாயிறு. நம் மைதானம். வெல்ஸ்பரோ.
போன வாரம் கிராக்லி, தோல்வி.
கொக்கி: கதவிலிருந்து மூன்றாவது.
நோரீன் அத்தை: பிஸ்கட் கொடு. கென் மாமா, முட்டி ஆபரேஷன், தேதி கேள்.

நோரீன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். மேஜை ஓரத்தில் அந்த இரண்டு பிஸ்கட் பாக்கெட்டும் பிரிக்காமல் இருந்தன. அவனுக்கு அவளை ஏமாற்றத் தோன்றியிருக்கிறது. கொக்கி எங்கே என்று தெரியாதவனுக்கு, அத்தை வாயை அடைக்க எது வேண்டும் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. அவள் சத்தம் போட்டு அழுதாள். மெஷின் எதுவும் ஓடவில்லை, அழுகை அறை முழுக்கக் கேட்டது.

பிறகு எழுந்து தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து, இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டு, ஜெர்ஸியை அமுக்கினாள். போன வருஷம் தெரியாமல் துவைத்தாள். இந்த வருஷம் தெரிந்தே துவைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. பட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் கிர்ஸ்டி நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையை அவிழ்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவர்தான் எழுதச் சொன்னார் ஆன்ட்டி. முடியாதுன்னு எத்தனையோ சொன்னேன். மாட்டேன்னா கால்ல விழறார். ஞாயிறு முடியட்டும், ஞாயிறு முடியட்டும்னு." பட்டையின் மேல் கையை வைத்து மூடினாள். "என்னைத் திட்டுங்க."

"நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன்னைத் திட்டறது?" என்றாள் நோரீன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் கைகளும் ஜில்லென்று இருந்தன.

மூளை டாக்டர் வந்தார். இளவயதுக்காரர், இரவெல்லாம் நின்ற களைப்பு முகத்தில். வீக்கம் இன்னும் இறங்கவில்லை என்றார். எழுவார் என்றும் சொல்லவில்லை, எழமாட்டார் என்றும் சொல்லவில்லை. ஸ்கேனில் பழைய அடிகளும் தெரிவதாகச் சொன்னார்.

"இது ஒரே நாள்ல வந்ததில்ல. இதுக்கு முன்னாடி ஏதாவது வித்தியாசம் கவனிச்சீங்களா? மறதி, தடுமாற்றம், அந்த மாதிரி? எப்பலேருந்துன்னு தெரிஞ்சா உதவியா இருக்கும்."

"கோடையிலேருந்து," என்றாள் கிர்ஸ்டி, தரையைப் பார்த்துக்கொண்டே. "ஜூலைன்னு நினைக்கறேன்."

"இல்ல டாக்டர்," என்றாள் நோரீன். "மே மாசம் ரெண்டாவது திங்கக்கிழமை. அவன் பையோட வாய் அவிழ்ந்து கெடந்துச்சு. நான்தான் முடிச்சுப் போட்டு மாட்டினேன்."